ஐந்தாவது மாடியைத் துடைத்தவர் யாருடைய ஆள்?

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் அலுவலகம் நடத்தும் நிறுவனங்களின் மனிதவளத் தலைவர்களுக்கும் வளாக நிர்வாகத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2022 ஆகஸ்ட் 30 உங்களுக்கு மறந்திருக்காது. மழைத் தண்ணீர் தேங்கி, வெளிவட்டச் சாலையில் ஐந்து மணி நேரம் வண்டிகள் நகராமல் நின்ற நாள். அந்த ஒரு நாளில் 225 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்குப் போட்டு, அச்சாலை நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்கு மடல் எழுதியது. எல்லாப் பத்திரிகையிலும் அது வந்தது. உங்களோடு பேசுவதாக முதலமைச்சரே பதில் சொன்னார்.

அன்று காலை என் அம்மா பெல்லந்தூருக்கு முன்னாலேயே பேருந்திலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து உங்கள் வளாகம் ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு மணி நேரம் தாமதம் என்று அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். இருநூற்றுச் சொச்சம் ரூபாய். நீங்கள் எழுதிய இழப்புக் கணக்கில் அது சேர்ந்திருக்க வழியில்லை, ஏனென்றால் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் அம்மா இல்லை. அது ஏன் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். இந்த விஷயத்தில் எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலை எழுதியவரும் தமிழர்தான். ஆங்கிலத்தில் நான் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் ஆங்கிலத்திலேயே, ஒரே மாதிரி பதில் வந்தது. சொந்த மொழியில் கேட்டால் ஒருவராவது நின்று கேட்பார் என்று நம்புகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற எல்லாரும் ‘அது அவர்கள் பிரச்சினை’ என்று மடலை மூடிவிடுவீர்கள். உங்கள் ஒவ்வொரு கட்டடத்திலும் நடப்பது இதுதான்.

அம்மா 2011 செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்தார், 2023 செப்டம்பரில் நின்றார். பன்னிரண்டு ஆண்டும் ஒரே டவர், நான்காவது மாடியும் ஐந்தாவது மாடியும். காலை ஆறரைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஈஜிபுராவிலிருந்து ஐந்தேகால் பேருந்து. ஊழியர்கள் வருவதற்குள் மேசைகள், கழிப்பறை, பேன்ட்ரி, மீட்டிங் அறைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மீட்டிங் அறைகளில் வெள்ளைப் பலகை இருக்கும் இல்லையா, அதைத் துடைப்பதும் அம்மா வேலைதான். சில பலகைகளின் மூலையில் ‘டு நாட் இரேஸ்’ என்று எழுதியிருப்பார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே சூப்பர்வைசரிடம் அந்த மூன்று சொற்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கோலத்தின் புள்ளி வரிசையை மனப்பாடம் செய்வதுபோல அந்த வடிவத்தை மனப்பாடம் செய்தார். கையெழுத்துக்குக் கையெழுத்து மாறும் என்பதால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சாய்வெழுத்து என்று என்னை எழுதிக் காட்டச் சொல்லிப் பழகினார். பன்னிரண்டு ஆண்டில் அழிக்கக் கூடாத ஒரு பலகையைக்கூட அவர் அழித்ததில்லை. இது எந்த அறிக்கையிலும் ஏறாத ஒரு திறமை. எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஒப்பந்த நிறுவனம் மூன்று முறை மாறியது. மாறும் நாளில் என்ன நடக்கும் என்று உங்களில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். மாலை ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரையும் பார்க்கிங் தளத்துக்கு வரச் சொல்வார்கள். ஒரு மேசையில் பழைய கான்ட்ராக்ட்காரர், பக்கத்து மேசையில் புதியவர். முதல் மேசையில் ஆங்கிலத்தில் ஏற்கெனவே அடித்து வைத்த ஒரு தாள்: ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்’. அதில் கையெழுத்து. இரண்டாவது மேசையில் புதிதாகச் சேரும் படிவம், அதிலும் கையெழுத்து. நீலச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் பச்சைச் சட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை ஆறரைக்கு அதே மாடி, அதே மாப், அதே பலகை. ஆக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என் அம்மா சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டிருக்கிறார். அந்தச் சொந்தக் காரணம் என்ன என்று அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

காரணம் எளியது. கிராஜுவிட்டி என்று சொல்லும் பணிக்கொடைக்கான சட்டம் 1972இல் வந்தது. ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் கொடுக்க வேண்டும். அம்மாவின் கடைசிச் சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000. இருபத்தாறால் வகுத்தால் நாளுக்கு 500. பதினைந்து நாளுக்கு 7,500. பன்னிரண்டு ஆண்டுக்கு 90,000 ரூபாய். காகிதத்தில் நான்கு முதலாளிகள், ஆளுக்கு மூன்று ஆண்டு என்று இருப்பதால், நான்கு பேரில் யாருக்கும் அந்த 90,000இல் ஒரு ரூபாய்கூடக் கடன் இல்லை.

வருங்கால வைப்புநிதியில் வேறு சிக்கல். முதல் இரண்டு கான்ட்ராக்ட்காரர்கள் காலத்துப் பணம் ஒரு எண்ணில், அடுத்த இருவர் காலத்துப் பணம் இன்னொரு எண்ணில். பழைய எண்ணில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால். இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு ஆண்டு, ஓய்வூதியம் உண்டு. தனித்தனியாக விட்டால் ஆறும் ஆறும்தான், பத்து ஆண்டு இல்லை என்பதால் ஓய்வூதியம் கிடையாது. மாதம் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை அது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் மாத்திரைச் செலவு. பெயரைத் திருத்த முதலாளியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. இரண்டாவது கான்ட்ராக்ட்காரரின் அலுவலகத்துக்குப் போனேன். இப்போது அங்கே மொபைல் கடை இருக்கிறது.

அப்போதுதான் டவரில் இருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பதில்: வெண்டர் தொடர்பான விஷயம், இணையதளத்தில் டிக்கெட் போடவும். டிக்கெட் போட ஊழியர் எண் கேட்டது. அம்மாவிடம் இருந்தது சாம்பல் பட்டை போட்ட வெண்டர் டேக். அதையும் கடைசி நாளில் செக்யூரிட்டி மேசையில் வாங்கிக்கொண்டார்கள். தெரிந்த பையன் ஒருவன் அவனுடைய எண்ணில் டிக்கெட் போட்டுத் தந்தான். நான்கு நாளில் ‘உங்கள் டிக்கெட் தீர்த்துவைக்கப்பட்டது’ என்று மின்னஞ்சல் வந்தது. எதைத் தீர்த்தார்கள் என்று கேட்டு மறுபடி எழுதியபோது வந்ததுதான் நான் முன்னே சொன்ன மின்னஞ்சல்: ‘சம்பந்தப்பட்ட நபர் எங்கள் பணியாளர் பட்டியலில் எக்காலத்திலும் இருந்ததில்லை.’

எழுதியவரின் பெயரைப் பார்த்ததும் அம்மா, “நம்ம தம்பிடா” என்றார். அட்மின் பிரிவில் இருப்பவர். பேன்ட்ரியில் பார்க்கும்போதெல்லாம் “அம்மா, சாப்டீங்களா?” என்று கேட்பாராம். தீபாவளிக்குத் தன் கைப்பணத்தில் பட்சணப் பெட்டி வாங்கிக் கொடுத்தாராம். அம்மாவுக்கு முட்டிவலி வந்தபோது, ஐந்தாவது மாடி கழிப்பறை வேலையை வேறு ஆளுக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேசியவரும் அவரே. அவர் பொல்லாதவர் இல்லை. என்னை இரண்டு வாரம் தூங்கவிடாதது அதுதான். நல்ல மனிதர் ஒருவர், தினமும் பார்த்துப் பேசிய ஒருவரைப் பற்றி ‘எக்காலத்திலும் இருந்ததில்லை’ என்று எழுதுகிறார். அதுவும் பொய் இல்லை, பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினார். தெரிந்ததை எழுத அந்த நாற்காலியில் இடம் வைக்கவில்லை நீங்கள்.

நான் வெளியே நின்று கல்லெறிகிறவன் இல்லை. இதே ஊரில் இன்னொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், வெண்டர் பில் பார்க்கும் மேசையில் ஒன்பது ஆண்டாக உட்கார்ந்திருக்கிறேன். ஹவுஸ்கீப்பிங் பில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். சம்பளம், அதன்மேல் பி.எஃப். 13 விழுக்காடு, இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33, கடைசியில் சர்வீஸ் சார்ஜ். ஒழுங்கான கொட்டேஷனில் இன்னொரு வரி இருக்கும்: பணிக்கொடைக்கு 4.81. பதினைந்தை இருபத்தாறால் வகுத்து, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் வருகிற எண் அது. பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது அந்த வரிதான். ‘யாரும் ஐந்து வருஷம் இருக்கப்போவதில்லை, அப்படி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லி அடித்துவிடுவார்கள். அடிக்கப்பட்ட தாள்களில் நானும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு ஒரு எண்ணாக இருந்தது. அம்மாவின் கடைசிக் கான்ட்ராக்ட்காரரிடம் போய்க் கேட்டபோது அவர் ஃபைலைத் திறந்து காட்டினார். அந்த வரியின் மேல் பேனாக் கோடு. “சார், அவங்க கொடுக்கல, நான் எங்கிருந்து கொடுப்பேன்?” என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

பில்லோடு ஒவ்வொரு மாதமும் பி.எஃப். சலான் இணைத்து அனுப்புவார்கள். மொத்தத் தொகை சரியா என்று பார்ப்போம். உள்ளே யார் பெயர், எப்படி எழுதியிருக்கிறது என்று எந்த மேசையிலும் பார்ப்பதில்லை. ஆனால் சட்டம் பார்க்கச் சொல்கிறது. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் வைப்புநிதியை முதன்மை முதலாளிதான், அதாவது வேலை வாங்கும் நிறுவனம்தான் கட்ட வேண்டும். சம்பளமும் அப்படித்தான். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த அந்தப் பொறுப்பு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. பணிக்கொடையிலும், மேட்டூர் அனல்மின் நிலைய வழக்கில், ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2012இல் காட்டியது. உங்கள் சட்டப் பிரிவுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது.

புதிய தொகுப்பில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. மையப் பணிகளில் ஒப்பந்த ஆள் கூடாது என்று சொல்லிவிட்டு, துப்புரவு மையப் பணி இல்லை என்று வைத்திருக்கிறார்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோது உங்கள் மையப் பணி முழுவதும் வீடுகளுக்குப் போய்விட்டது. ஆளில்லாத அந்தக் கட்டடத்துக்கு வாரம் மூன்று நாள் போனது என் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும்தான். தண்ணீர் திறந்துவிட வேண்டும், கழிப்பறைகள் காய்ந்து நாறாமல் பார்க்க வேண்டும், செடிகள் சாகக் கூடாது. மையம் எது, ஓரம் எது என்று அந்த மாதங்களில் அந்தக் கட்டடத்துக்குள் நின்று பார்த்தவர்கள் அவர்கள் ஐந்து பேர் மட்டும்.

நிறுவனம் என்கிற ஏற்பாட்டோடு எனக்குப் பகை இல்லை. என் சோறும் அதில்தான். லிமிடெட் என்று பெயருக்குப் பின்னால் போடுகிறோமே, அது 1855இல் பிரிட்டனில் சட்டமானது. பங்கு வாங்கியவர் போட்ட பணத்துக்கு மேல் இழக்க வேண்டாம் என்ற பாதுகாப்பு அது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பணம் சேர்த்துத் தொழில் தொடங்க அது உதவியது, நியாயமும்கூட. 1896இல் சாலமன் வழக்குத் தீர்ப்பு, நிறுவனம் அதை நடத்துகிறவர்களிலிருந்து வேறான ஒரு தனி நபர் என்பதை உறுதிப்படுத்தியது. சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், ஒப்பந்தம் எழுதலாம். அப்படியானால் அந்த நபரிடம் ஒரு கேள்வி கேட்கவும் வழி இருக்க வேண்டும். பங்குதாரரின் பண இழப்புக்குப் போட்ட வரம்பு, வெண்டர், துணை வெண்டர், டிக்கெட், டேக் என்று இறங்கி இறங்கி, இன்று எல்லாருடைய பொறுப்புக்கும் போட்ட வரம்பாகிவிட்டது.

உங்கள் குரலுக்கு எவ்வளவு எடை என்பதும் எனக்குத் தெரியும். 2024 ஜூலை 15 அன்று, தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு நிர்வாகப் பதவிகளில் 50 விழுக்காடும் மற்றவற்றில் 70 விழுக்காடும் ஒதுக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொழில் நிறுவனங்கள் எதிர்த்தன. 17ஆம் தேதி அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மூன்று நாளும் எங்கள் தெருவில் தமிழ் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. அது நின்றதில் எனக்கும் நிம்மதிதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு அமைச்சரவை முடிவை மூன்று நாளில் நிறுத்தவைக்க முடிந்தவர்களுக்கு, ஒரு பெயரில் இனிஷியலை இடம் மாற்றப் பதினான்கு மாதமும் போதவில்லை என்பதை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

இதே ஊரில் இன்னொரு விதமாகவும் குரல் கேட்டிருக்கிறது. 2016இல் வைப்புநிதியில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலைக்கு வந்துவிட்டார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தது. 19ஆம் தேதி அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அவர்களில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் ஒருவர். அவர்களுக்கு மடல் எழுதி முதலமைச்சரிடம் பதில் வாங்கும் வழி இல்லை. முதுகில் அடி வாங்கித்தான் பதில் வாங்க முடிந்தது. அந்த வழிக்கு மறுபடி யாரும் போக வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வைப்புநிதிச் சிக்கல் கடைசியில் தீர்ந்தது. மாதம் 27ஆம் தேதி வைப்புநிதி அலுவலகம் நடத்தும் குறைகேட்பு முகாமுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். மூன்றாவது முறை உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு பெண். தாளைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, “எந்த பில்டிங்மா?” என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். எந்த மாடி, யார் சூப்பர்வைசர், சட்டை என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு எண்களும் ஒருவருடையவைதான் என்று அவரே குறிப்பு எழுதினார். ஆறு வாரத்தில் சேர்ந்துவிட்டன. உங்களிடம் நான் கேட்டதும் இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

முடியாததை நான் கேட்கவில்லை. பெங்களூரு மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்களும் ஒருகாலத்தில் ஒப்பந்ததாரர் கையில்தான் இருந்தார்கள். பிறகு இடையில் இருந்தவரை விலக்கி மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் கொடுத்தது. 2025 மே தினத்தன்று 12,000க்கும் அதிகமானவர்களுக்கு நிரந்தர நியமனக் கடிதம் கிடைத்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ ஆண்டுப் போராட்டம் உண்டு. கடன் சுமையும் ஆள் பற்றாக்குறையும் உள்ள ஒரு மாநகராட்சியால் முடிந்தது.

இவ்வளவுகூட உடனே வேண்டாம். கான்ட்ராக்ட்காரர் மாறும்போது அந்தப் பார்க்கிங் மேசையில் ராஜினாமா வாங்குவதை நிறுத்துங்கள். பழைய சேவைக் காலம் புதிய ஒப்பந்தத்தில் தொடரும் என்று ஒரு பிரிவு எழுதுங்கள். 4.81 விழுக்காட்டை அடிக்காதீர்கள். உங்கள் மாடியில் வேலை பார்த்தவர்களின் பெயர், சேர்ந்த நாள், நின்ற நாள் மூன்றையும் நீங்களே ஒரு பதிவேட்டில் வையுங்கள். டேக் எந்த நாள் எந்த மணிக்குக் கதவைத் திறந்தது என்று வைத்திருக்கிறீர்களே, அதிலிருந்தே எடுக்கலாம். போகிறவருக்கு, இந்த மாடியில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று உங்கள் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் கொடுங்கள். பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் நிரந்தரமல்லாத தொழிலாளர் எத்தனை பேர் என்று, சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்கின்றன. எண்ணிக்கை எழுத முடிகிறது என்றால் பெயரும் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. இன்னொன்று: எழுதினால் மனிதர் ஒருவர் பதில் போடுகிற ஒரு முகவரி. டிக்கெட் வேண்டாம்.

அந்த அட்மின் தம்பி இதைப் படித்தால், அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று அம்மா சொல்லச் சொன்னார். அவருடைய பெண் குழந்தை இப்போது நடக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார்.

பணிக்கொடைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அதை எழுதுவதற்கு முந்தின இரவு, பாத்திரம் கழுவி முடித்துவிட்டு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேதிகளை எல்லாம் ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னார். ‘முதலாளியின் பெயரும் முகவரியும்’ என்ற கட்டம் வந்தது. நான்கு பெயர் இருந்தன. நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“அஞ்சாவது மாடின்னு போடுப்பா. அதுதான் மாறவே இல்லை” என்றார்.

டவரின் பெயரையும் மாடியையும் எழுதி, கீழே நிறுவனத்தின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். பன்னேர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனிலிருந்து உங்களில் ஒருவருக்கு அந்த நோட்டீஸ் வந்து சேரும். அன்று வழக்கறிஞரோடு, அம்மாவை முகம் தெரிந்த யாராவது ஒருவரும் வாருங்கள்.

மரியாதையுடன்,
அவருடைய மகன்,
ஈஜிபுரா, பெங்களூரு.